குதிரைத்திறன் 190, மெட்டு ஏறத் தேவை 15: டைனோ கிராஃப் சொல்லாத கணக்கு

போடிமெட்டு மலைச்சாலை. காலை ஆறரை மணி. ஒரு கொண்டை ஊசி வளைவின் வாயிலேயே கறுப்பு நிற மஹிந்திரா தார் ஒன்று நின்றுவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைகிறதே தவிர, வண்டி நகர மறுக்கிறது. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒரு ஜீப்பில் இருந்து இறங்கி வந்த அக்கா கேட்டார்: "வண்டி புதுசாத்தான தம்பி இருக்கு? ஏன் நின்னுபோச்சு?"

அந்த வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். ஓட்டியது என் மாமா பையன். தேவாரத்துக்காரன், பெருநகரத்தில் ஐடி வேலை. நின்றதற்குப் பத்து நாள் முன்னால்தான் அந்த வண்டிக்கு 'ஸ்டேஜ் 1' ரீமேப் போட்டிருந்தான். கையில் டைனோ கிராஃப். அதில் பெரிய எழுத்தில் 190 குதிரைத்திறன். கம்பெனி கொடுத்தது 150. "40 குதிரை சும்மா கிடைச்சிருக்கு மாப்ள" என்று ஊர் முழுக்கக் காட்டினான்.

190 குதிரை இருந்தும் மெட்டு ஏறவில்லை. முப்பது வருஷப் பழைய டீசல் ஜீப், பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி ஏறிப்போனது.

அவன் அவமானப்பட்டதைவிட எனக்கு வேறொரு விஷயம் உறுத்தியது. வளைவை அடைத்துக்கொண்டு நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில், தோட்டத்துக்கு லேட்டாகப் போனவர்கள் எத்தனை பேர்? கங்காணி கணக்கு எடுத்த பிறகு போனால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆசைக்கான செலவில் ஒரு பங்கை அவர்கள் கட்டினார்கள்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. டர்போ வண்டி வாங்கி, டியூன் பண்ணலாமா என்று யோசிக்கும் ஒவ்வொருவரும், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டியூனிங் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒற்றை நம்பரை நம்புவதுதான் தப்பு என்கிறேன்.

டைனோ என்றால் என்ன?

டைனமோமீட்டர் என்பதன் சுருக்கம்தான் டைனோ. வண்டியைத் தரையில் பதித்த உருளைகள் மேல் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, முன்னால் பெரிய மின்விசிறி வைத்து, ஒரே கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுப்பார்கள். வண்டி நகராது, உருளை சுற்றும். அது எவ்வளவு வேகமாக வேகம் பிடிக்கிறது அல்லது அதைத் தடுத்து நிறுத்த எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை வைத்து எஞ்சினின் பலத்தைக் கணக்குப் போடுவார்கள்.

இது புது விஷயம் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த பொறியாளர் காஸ்பார் டி புரோனி 1821-லேயே சுழலும் தண்டின் மேல் பிரேக் கட்டையை அழுத்தி விசையை அளந்தார். இன்றைக்கும் எஞ்சின் பலத்தை 'பிரேக் ஹார்ஸ்பவர்' என்று சொல்வது அந்த பிரேக்கில் இருந்து வந்த வழக்கம்.

முக்கியமான ஒன்று: டைனோ நேரடியாகக் குதிரைத்திறனை அளப்பதில்லை. அது அளப்பது முறுக்கு விசையை, அதாவது டார்க்கை. அதை ஆர்பிஎம்மால் பெருக்கி, 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். உதாரணத்துக்கு 300 நியூட்டன் மீட்டர் டார்க், 2,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 63 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், அது ஏறக்குறைய 84 குதிரைத்திறன். இதே டார்க் 4,000 ஆர்பிஎம்மிலும் கிடைத்தால் குதிரைத்திறன் இரண்டு மடங்கு.

இதில் இருந்து ஒன்று புரியும். கிராஃபின் உச்சியில் இருக்கும் அந்தப் பெரிய நம்பர், எஞ்சின் கத்திக்கொண்டு ஓடும் 5,000 ஆர்பிஎம் பக்கத்தில் கிடைப்பது. கொண்டை ஊசி வளைவில் யாரும் 5,000 ஆர்பிஎம்மில் திரும்புவதில்லை. 1,500, 2,000-ல்தான் திரும்புவோம். மலை ஓட்டுநருக்குத் தேவையான தகவல் கிராஃபின் இடது ஓரத்தில் இருக்கிறது. விளம்பரம் வலது ஓரத்தைத்தான் காட்டும்.

டைனோவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கனமான உருளையைச் சுற்றவிட்டு, அது வேகமெடுக்கும் வேகத்தை வைத்துக் கணக்கிடுவது. ஒரு ஓட்டம் பத்து, பதினைந்து வினாடியில் முடிந்துவிடும். இன்னொன்று, உருளைக்குத் தடை கொடுத்து, வண்டியை ஒரே ஆர்பிஎம்மில் சுமையோடு நிறுத்தி வைத்து அளப்பது. மலை ஏறுவதற்கு ஒப்பானது இந்த இரண்டாவது ரகம்தான். என் மாமா பையன் வண்டிக்குப் போட்டது முதல் ரகம். பதினைந்து வினாடியில் பாஸ். மெட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒரே வண்டி, மூன்று ஊர், மூன்று நம்பர்

டைனோ கிராஃபைக் கையில் வாங்கினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது டயரில் கிடைத்த பலமா, எஞ்சினில் கிடைத்த பலமா?

கம்பெனி சொல்லும் 150 என்பது எஞ்சின் தண்டில் அளந்தது. அது கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் எல்லாம் தாண்டி டயருக்கு வரும்போது பத்து முதல் இருபது சதவீதம் வரை உராய்வில் போய்விடும். உருளை டைனோவால் டயரில் வருவதை மட்டும்தான் அளக்க முடியும். அதை எஞ்சின் பலமாக மாற்ற, டியூனர் ஒரு சதவீதத்தைக் கூட்டுவார். 12 கூட்டினால் ஒரு நம்பர், 20 கூட்டினால் வேறு நம்பர். வண்டியைத் தொடாமலேயே பத்துக் குதிரை கூடும்.

இரண்டாவது கேள்வி: காற்றுக்கான திருத்தம் எவ்வளவு போட்டீர்கள்?

எஞ்சின் மூச்சு விடுவது காற்றில். உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும். சென்னை கடல் மட்டம். கோவை சுமார் 410 மீட்டர். பெங்களூரு சுமார் 920 மீட்டர். ஒரே வண்டியை மூன்று ஊரிலும் டைனோவில் ஏற்றினால் மூன்று விதமாகத்தான் வரும். இதைச் சமன்செய்ய எஸ்ஏஇ, டின் என்று சில தரநிலைத் திருத்தங்கள் இருக்கின்றன. அன்றைய வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதத்தை வைத்து, 'கடல் மட்டத்தில் இருந்தால் இவ்வளவு வந்திருக்கும்' என்று கணினி கூட்டிக் கொடுக்கும்.

சிக்கல் இங்கேதான். அந்தத் திருத்தக் கணக்கு அடிப்படையில் டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பொருந்துவது. டர்போ எஞ்சின், காற்று மெலிந்தால் இன்னும் வேகமாகச் சுற்றி, இழந்ததில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிடும். இழக்காத பலத்தையும் இழந்ததாக நினைத்துக் கூட்டினால்? பெங்களூரு உயரத்தில் அந்தத் திருத்தம் பத்து சதவீதத்துக்கு மேலேயே போகும். உண்மையில் 150 வந்த இடத்தில் 165-க்கு மேல் என்று அச்சாகும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் நம்பர் பொய்.

இந்த விளையாட்டு உலகம் முழுக்க நடந்ததுதான். அமெரிக்காவில் 1960-களின் மசில் கார்களுக்கு விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன், மின்விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் எஞ்சினை அளந்தது. 1972 வாக்கில் 'வண்டியில் இருப்பது போலவே வைத்து அள' என்று முறை மாறியதும் நம்பர்கள் சரிந்தன. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1987-ல் வெறும் 547 மட்டுமே தயாரான பியூக் ஜிஎன்எக்ஸ் என்ற டர்போ மசில் காருக்குக் கம்பெனி சொன்னது 276 குதிரைத்திறன். டைனோவில் ஏற்றியவர்கள், கம்பெனி குறைத்துச் சொல்கிறது என்றார்கள்.

நம்ம ஊரிலும் உண்டு. 2016-ல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இந்தியாவுக்கு வந்தபோது, அமெரிக்காவில் 435 குதிரைத்திறன் சொல்லப்பட்ட அதே 5 லிட்டர் எஞ்சினுக்கு இங்கே சொல்லப்பட்டது 401 பிஎஸ், அதாவது சுமார் 396 குதிரைத்திறன். எஞ்சின் குடும்பம் ஒன்றுதான். ஊரும் பெட்ரோலும் மாறினால் நம்பரும் மாறும்.

மலையில் டர்போ என்ன செய்யும்?

டர்போ என்பதே மலைக்காகவும் வானத்துக்காகவும் வளர்ந்த கருவி. 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், ஒரு விமான எஞ்சினையும் டைனமோமீட்டரையும் லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோனார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230 கொடுத்தது. டர்போ மாட்டியதும் 356. நூறு வருஷத்துக்கு முன்பே அவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: மலைக்கான எஞ்சினை மலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

போடி சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு ஏறக்குறைய 4,500 அடி, அதாவது 1,400 மீட்டரை ஒட்டி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 15 சதவீதம் போலக் குறைவு. டர்போ இல்லாத பழைய ஜீப், அடிவாரத்தில் இருந்து மேலே போவதற்குள் பத்து சதவீதத்துக்கு மேல் பலத்தை இழக்கும். ஓட்டுநர் ஒரு கியர் குறைப்பார், அவ்வளவுதான்.

டர்போ வண்டி இழக்காது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எஞ்சினுக்குள் 2.2 பார் அழுத்தம் வேண்டும் என்று ரீமேப்பில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில், வெளிக்காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். போடிமெட்டில், மெலிந்த காற்றை ஏறக்குறைய 2.6 மடங்கு அழுத்தினால்தான் அதே 2.2 பார் வரும். டர்போ அதிக வேகத்தில் சுற்ற வேண்டும். அழுத்தப்பட்ட காற்று இன்னும் சூடாகும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் வேண்டும். மலையிலோ வண்டி 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது.

கம்பெனி எழுதிய நிரலில் இதற்கெல்லாம் காவல் இருக்கும். வெளிக்காற்று அழுத்தத்தைப் பார்த்து, உயரம் கூடினால் பூஸ்ட்டைக் குறைக்கும். காற்று சூடானால் இக்னிஷனைத் தள்ளிப்போடும். 'பவர் குறைகிறதே' என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் இடம். நல்ல டியூனர் இந்தக் காவல்களைத் தொடாமல் வேலை செய்வார். அவசர டியூனர் எல்லா எல்லைகளையும் தூக்கிவிடுவார். எங்கள் வண்டி நின்றதற்குக் காரணம், ஸ்கேனர் போட்டபோது தெரிந்தது: பூஸ்ட் அளவு மீறியதற்கான பிழைக் குறியீடு. எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 'லிம்ப் மோட்'டுக்குப் போயிருக்கிறது. போன் போட்டபோது டியூனர் சொன்ன பதில்: "எங்க டைனோல ஓகேவாத்தான் சார் இருந்துச்சு."

அவர் சொன்னது உண்மை. அவருடைய டைனோ மெட்டில் இல்லை.

இன்னொரு ஆபத்து, வெளியே தெரியாதது. நேரடி ஊசி மூலம் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். குறைவேக முன்பற்றல் என்று சொல்லலாம். சாதாரண நாக்கிங்கைவிட முரட்டுத்தனமானது; பிஸ்டனையே உடைக்கக்கூடியது. எப்போது வரும்? டாப் கியரிலேயே வைத்துக்கொண்டு, 1,800 ஆர்பிஎம்மில், முழு ஆக்ஸிலேட்டர் அழுத்தி, ஏற்றம் ஏறும்போது. நம்மில் பாதிப் பேர் மலையில் ஓட்டுவது அப்படித்தான்.

ஆக, மலைக்கு எந்த இடத்தில் டார்க் வேண்டும் என்று மேலே சொன்னேனோ, அதே இடத்தில்தான் அதை அளவுக்கு மீறிக் கூட்டுவதும் ஆபத்து. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் டியூனிங். நம்பரைக் கூட்டுவது வெறும் டைப்பிங்.

மெட்டு ஏற எவ்வளவு குதிரை வேண்டும்?

இப்போது பள்ளிக்கூடத்துப் பிசிக்ஸ் கொஞ்சம். பயப்பட வேண்டாம், ஒரு பெருக்கல்தான்.

முந்தலில் இருந்து போடிமெட்டு வரை சுமார் 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அதாவது சராசரியாக 100 மீட்டர் போனால் 5 மீட்டர் ஏற்றம். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 2,100 கிலோ என்று வைப்போம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்.

அந்த எடையை அந்த வேகத்தில் தூக்கத் தேவையானது சுமார் 8.6 கிலோவாட். டயர் உருளும் தடைக்கு இன்னும் இரண்டரை கிலோவாட். மொத்தம் 11 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் 15.

ஆமாம், பதினைந்து. எழுத்துப் பிழை இல்லை.

சரி, சில இடங்களில் ஏற்றம் செங்குத்து. பத்துக்கு ஒன்று என்று வைத்து, வேகத்தையும் 40 ஆக்கினாலும் தேவை 35 குதிரைத்திறன்தான். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டும், ஏசி ஓட வேண்டும் என்று இன்னும் இரண்டு மடங்கு சேர்த்தாலும், கம்பெனி கொடுத்த 150-ல் பாதிகூடத் தேவையில்லை. முப்பது வருஷப் பழைய ஜீப் ஏன் பதினைந்து பேரோடு எங்களைத் தாண்டிப் போனது என்பதற்குக் கணக்கு இதுதான். அதற்கு இருப்பது கொஞ்சம் பலம், ஆனால் சரியான கியர். அதைவிட முக்கியமாக, மலையை நெட்டுருப் போட்ட டிரைவர்.

இப்போது இறக்கத்தைப் பாருங்கள். ஏறும்போது சேர்த்துவைத்த அத்தனை ஆற்றலும் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நாற்பது நிமிடத்தில் இறங்குகிறீர்கள் என்றால், டயர் உருள்வதில் போவது போக, ஐந்தாறு ஆயிரம் வாட் ஹீட்டர்களை நாற்பது நிமிடம் எரியவிட்டதற்குச் சமமான வெப்பம். அதை எஞ்சின் பிரேக்கும் கால் பிரேக்கும் பங்கு போட வேண்டும். மூன்றாவது, நான்காவது கியரில் ஜாலியாக இறங்கினால் மொத்தமும் பிரேக் டிஸ்க்கின் தலையில். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் குடித்திருந்தால், அது கொதிக்கும். பெடல் தரையோடு போகும்.

40 குதிரை கூட்டிக்கொண்ட ரீமேப், இறக்கத்தில் ஒரு வாட் கூட உதவாது. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பிரேக் ஆயிலும் பேடும் மாற்றியிருக்கலாம். மெட்டில் எனக்குத் தெரிந்து, பவர் போதாமல் யாரும் பள்ளத்தில் விழவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றி, இந்தப் பிரிவை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள்.

ரீமேப் கண்ணுக்குத் தெரியாது. பெரிய டயரும் பளிச்சென்ற பம்பரும் சோதனையில் மாட்டும், மென்பொருள் மாட்டாது. அதனால்தான் 'யாருக்குத் தெரியப்போகுது' என்று சொல்லி விற்கிறார்கள். தெரிய வேண்டிய நாளில் தெரியும். விபத்து நடந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது. அல்லது எஞ்சின் போய், வாரண்டிக்குப் போகும்போது. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால், கிளெய்மை மறுக்க நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

ஆனால் இங்கே எனக்கு அரசு மேலும் ஒரு வருத்தம் உண்டு. 'செய்யாதே' என்று மட்டும் சொல்லும் சட்டம், செய்பவர்களை இருட்டுக்குத் தள்ளுகிறது. ஜெர்மனியில் எஞ்சின் பலத்தைக் கூட்டினால், டிஊவ் மாதிரியான அமைப்பில் வண்டியைக் காட்டி, பரிசோதித்து, வண்டி ஆவணத்திலேயே பதிந்துகொள்ள வழி இருக்கிறது. பிரேக், டயர், புகை எல்லாம் அந்தப் பலத்துக்கு ஏற்றதா என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் அனுமதி. நமக்கு அந்தத் திறமை இல்லையா? புனேயில் 1966-ல் இருந்து ஆராய் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. டியூனர்களுக்குப் பதிவு, வேலைக்கு முன்னும் பின்னும் சோதனை அறிக்கை கட்டாயம், ஆர்சியில் குறிப்பு என்று ஒரு வழி திறந்தால், நல்ல டியூனர்கள் வெளிச்சத்துக்கு வருவார்கள். மற்றவர்கள் கடையைக் கட்டுவார்கள்.

அப்போ டியூனிங்கே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கோவை மாதிரி ஊர் இருக்கும் மாநிலம் இது. கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதில் நம்ம ஆட்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் சாதாரணமில்லை.

சரியான முறைக்கு உதாரணமும் கோவையிலேயே இருக்கிறது. 2018-ல் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தார்கள். சாதாரண டியாகோ பெட்ரோலில் 85 பிஎஸ், இதில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினோடு 114 பிஎஸ். பலத்தை மட்டும் கூட்டவில்லை. சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், டயரை அகலமாக்கினார்கள், முறையான ஒப்புதலோடு ஷோரூமில் விற்றார்கள். பிஎஸ்6 வந்தபோது அந்தக் கார் நின்றுபோனது வேறு கதை. ஆனால் 'பலம் கூடினால் அதோடு மற்றதும் கூட வேண்டும்' என்ற பாடம் நிற்கிறது.

அதனால் டியூன் பண்ணியே தீருவேன் என்பவர்கள், டியூனரிடம் இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள்.

1. டியூன் பண்ணுவதற்கு முன் ஓட்டிய கிராஃப் எங்கே? 'பின்' மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். முன், பின் இரண்டும் அதே டைனோ, அதே நாள், அதே கியர், அதே டயர் காற்று என்று இருக்க வேண்டும்.

2. திருத்தம் போடாத, டயரில் அளந்த நம்பர் என்ன? திருத்தம் எந்த முறை, எத்தனை சதவீதம்?

3. ஒரே ஓட்டமா, தொடர்ச்சியாக மூன்று, நான்கு ஓட்டமா? நான்காவது ஓட்டத்தில் பவர் விழுந்தால், வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

4. காற்று–எரிபொருள் விகிதம், நாக்கிங், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை மூன்றும் கிராஃபில் பதிவாகியிருக்கிறதா? குதிரைத்திறன் கோடு மட்டும் இருந்தால் அது போஸ்டர், ரிப்போர்ட் இல்லை.

5. உயரத்துக்கான பூஸ்ட் எல்லையைத் தொட்டீர்களா? தொட்டிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

6. எந்தப் பெட்ரோலுக்கு எழுதினீர்கள்? நகரத்தில் 95, 100 ஆக்டேன் கிடைக்கும். தேவாரம் பங்கில் கிடைக்குமா? இ20 பெட்ரோலுக்குச் சரிபார்த்தீர்களா? எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், ஆனால் அதே வேலைக்கு அதிக அளவு பீய்ச்ச வேண்டும்.

7. பழைய நிரலின் பிரதியைக் கையில் கொடுப்பீர்களா? திரும்பப் போட வேண்டியிருந்தால் அது வேண்டும்.

கூடவே இரண்டு விஷயம் உங்கள் வேலை. நேரடி ஊசி டர்போ பெட்ரோல் என்றால், கம்பெனி சொன்ன கிரேடிலேயே ஏபிஐ எஸ்பி தர ஆயில் போடுங்கள். முன்பற்றலைக் குறைப்பது அந்தத் தரத்தின் நோக்கங்களில் ஒன்று. ஏற்றத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை 2,500-க்கு மேல் சுற்றவிடுங்கள். இது ரீமேப்பைவிட மலிவான டியூனிங்.

ஜீப்புகளுக்கும் இதே பாடம்

இது கார் வைத்திருப்பவர்களின் கதை மட்டும் இல்லை. பழைய டீசல் ஜீப்புகளிலும் பம்பில் டீசலைக் கூட்டி வைக்கும் பழக்கம் உண்டு. கறுப்புப் புகை வந்தால் 'நல்லா இழுக்குது' என்பார்கள். கறுப்புப் புகை என்பது எரியாத டீசல், அதாவது காசு. அந்தப் புகைக்குப் பின்னால் வரும் வண்டியில் முக்காட்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு போவது தோட்டத்துக்குப் போகும் அம்மாக்கள்தான்.

தேவாரத்துக்காரர்கள் தலைக்கு மேலே தெரியும் மலைக்குப் போக, போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் போகிறார்கள். சாக்குலூத்து மெட்டுக்கு நேர் ரோடு வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது. அது வரும்வரை, இருக்கும் ஒரு ரோட்டை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வாரக் கடைசியில் மூணாறுக்கு ஏறும் டர்போ காருக்கும், தினக்கூலிக்கு ஏறும் ஜீப்புக்கும் அதே 17 வளைவுகள்தான். ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.

மாமா பையன் பிறகு பழைய நிரலையே திரும்பப் போட்டுவிட்டான். போன மாதம் மறுபடி மெட்டு ஏறினோம். 150 குதிரைத்திறன், இரண்டாவது கியர், பிரேக் ஆயில் புதுசு. வண்டி ஒரு இடத்திலும் முனகவில்லை. பாதி மலையில் பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. அவன் ஓரம் ஒதுக்கி வழி விட்டான். ஜீப் நிறைய ஆட்களோடு எங்களைத் தாண்டி ஏறிப்போனது.

"போகட்டும் மாப்ள" என்றான். "அவங்களுக்குத்தான் நேரமாச்சு."